பெத்லகேம் குறவஞ்சியும் அதன் ஆசிரியரின் வழிநடையும்

குறவஞ்சி இலக்கியம் பற்றி எழுதப் புகுவோர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாராட்டி முடித்தபின் ஏனையவற்றை ஒரு பட்டியலில் அடக்கிவிடுதல் வழக்கமாயிற்று. அப்பட்டியலின் இடையே எங்கோ ஓரிடத்தில் பெத்லகேம் குறவஞ்சி என்னும் பெயரும் காணப்படும். கிறித்தவ சமயப் பொருளை அமைத்துப் பாடப்பட்டது என்றும், நிலநூற் செய்திகள் மிகுதியாய்ப் புகுந்து சுவையைக் குறைக்கின்றன என்றும் கருத்துப்பட ஓரிரு தொடர்கள் அதனை அடுத்து அமையும். அவ்வளவோடு நூலும் மறக்கப்படும், ஆசிரியரும் மறக்கப்படுவார். சமயத்தார் எழுதும் வரலாறுகளிலோ இதற்கு நேர்மாறான நிலை உண்டு. ஆங்கே ஆசிரியர் அடியாராகிவிடுகிறார். நூலை ஆராய்தலே வேண்டாததாகிவிடுகிறது. இவ்விரு போக்கினும் வேறான நெறியில் இந்நூலையும், இதனை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையும் காண வேண்டும் என்பது எம் கருத்து. அவர் பள்ளியாசிரியர், பாட்டும் இசையும் பயிற்றியவர், சபை சபையாய்ச் சென்று பாடியவர், திருச்சபையைத் தம் உயிரெனக் கொண்டவர், அச்சபையின் தலைவரோடு கடும் பூசலிட்டவரும் அவரே. இவை வெறும் வாழ்க்கைக் குறிப்புகள் அல்ல. நூலின் உள்ளமைப்பிலேயே இவற்றின் தடம் பதிந்துள்ளது.

முதற்கண் ஒரு பெயர்மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறு, இவர் வேறு. முன்னவர் மாவட்ட முனிசீப்பாய் இருந்தவர், கத்தோலிக்கர், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். இருவரும் கிறித்தவர், இருவரும் கீர்த்தனை இயற்றியவர், இருவர்க்கும் சோழநாட்டுத் தொடர்பு உண்டு என்பதனால் ஒருவர் செய்ததை மற்றவர்க்கு ஏற்றி எழுதும் மாணவர் இன்றும் உளர். மாணவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

வேதநாயக சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் புலமை வாய்ந்தவர். வேளாளர் குடியில் தோன்றிக் கத்தோலிக்கராகிப் பின்னர்ச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். பாளையங்கோட்டைக்கு 1785இல் வந்த செருமானியத் தொண்டர் சுவார்ட்சு ஐயர், சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். 1706 முதல் தேனிய அரசின் ஆதரவில் சமயத்தொண்டு நடைபெற்றுவந்த தரங்கம்பாடியில் பின்னர் அவர் இறையியல் பயின்றார். இருபதாம் அகவையை ஒட்டித் தஞ்சைப் பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. சுவார்ட்சு 1798இல் மறைந்தார். அவரைத் தந்தை போற் கருதிய மற்றொருவர் தஞ்சை அரியணைக்கு உரிய இளவரசர் சரபோசி. அவர் அதே ஆண்டில் அரசரானார். ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த இருவருள் ஒருவர் அரண்மனைக்கும் மற்றவர் பள்ளிக்கூடத்திற்கும் சென்றனர். இவ்விருவர்தம் நூல்களும் மீண்டும் ஓரிடத்தில் சந்திக்கும் வியப்பைப் பின்னர்க் காண்போம்.

தரங்கம்பாடித் தொண்டரின் பள்ளிகள் செருமனியின் ஆல் நகரத்துக் கல்விநெறியைப் பின்பற்றியவை. சமய பாடத்தோடு கணக்கு, நிலநூல், வானநூல், இயற்கைப் பொருள் நூல் ஆகியனவும் அங்கே இடம் பெற்றன. படைப்பை அறிதல் படைத்தவனை அறிதற்கு வழி என்பது அவர்தம் கொள்கை. சாஸ்திரியார்க்கு ஆசானாய் விளங்கிய சான் ஐயர் சங்கு, மீன், செடிகொடி முதலியவற்றைத் தொகுத்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிய இயற்கை நூலறிஞர். எனவே சாஸ்திரியார் பெற்ற கல்வியில் விவிலியமும் உலகப் படமும் அருகருகே இருந்தன. ஆனால் அவர் கற்பிக்க வேண்டிய மாணவர் எம்முறையிற் கற்கப் பழகியவர்? எண்சுவடியையும் நிகண்டையும் ஓசையோடு சொல்லிச் சொல்லி மனங்கொள்ளும் திண்ணைப் பள்ளி மரபினர். நிகண்டு என்பதே பாட்டாக அமைந்த பட்டியல் அன்றோ? ஆகவே ஆறுகளின் பெயரையும் நாடுகளின் பெயரையும் பாட்டில் அமைத்தலைக் கவித்துவக் குறைபாடு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. அஃது ஒரு கல்விமுறையின் இன்றியமையாத கருவி. இக்கருவியை இசையோடு பிணைத்ததிலேயே சாஸ்திரியாரின் ஆசிரியத் திறம் வெளிப்படுகிறது. கண்ணியும் சிந்தும் கும்மியும் மாணவர் நாவில் எளிதில் நிற்பவை என்பதை அவர் வகுப்பறையில் அறிந்திருந்தார்.

இனிக் குறவஞ்சி என்னும் வடிவத்திற்கு வருவோம். தலைவன் பவனி வருதல், தலைவி கண்டு காதல் கொள்ளுதல், தோழியர் தேற்றுதல், குறத்தி வருதல், அவள் மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறி சொல்லிப் பரிசு பெறுதல், குறவன் அவளைத் தேடி அலைதல், புள் பிடித்தல், இருவரும் கூடி உரையாடுதல் என அதன் கதை நடக்கும். கதை என்று சொல்லத்தக்கது அதில் மிகச் சிறிது. வடிவத்தின் உயிர் குறத்தியின் நடையில் உள்ளது. அவள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவள் அல்லள். எந்நாட்டிற்கும் போவாள், எவ்வரண்மனைக்குள்ளும் நுழைவாள், சென்ற இடங்களைச் சொல்வதும் பெற்ற பரிசுகளைச் சொல்வதும் அவள் தொழிலின் ஒரு பகுதி. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியின் உடம்பிலுள்ள அணிகளைக் கண்டு ஐயுற்றுச் சிங்கன் வினவ, அவை இன்னின்ன நாட்டிற் குறி சொல்லிப் பெற்றவை என அவள் விடையிறுக்கும் இடம் தமிழறிந்தார் யாவரும் அறிந்தது. அங்கும் ஊர்ப்பெயர்ப் பட்டியலே உள்ளது. ஆனால் கணவனின் ஐயமும் மனைவியின் குறும்பும் அப்பட்டியலை நாடகமாக்கிவிடுகின்றன. திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த சாஸ்திரியார், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் இந்நூல் புகழோடு வழங்கிய நிலத்தில் வளர்ந்தவர். தாம் எழுதிய குறவஞ்சியில் அதன் கட்டுக்கோப்பை அவர் ஏறத்தாழ முழுமையாகவே மேற்கொண்டார்.

மேற்கொண்டவர் செய்த மாற்றம் யாது? தலைவன் பெத்லகேமிற் பிறந்த கிறித்து. தலைவி தேவமோகினி, திருச்சபையே தலைவியாக உருவகிக்கப்பட்டது. குறத்தி விசுவாசம். அவள் கணவனான ஞானச்சிங்கன் வேதம் போதிக்கும் உபதேசியார். இவ்வாறு ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு சமயப் பொருள் ஏற்றப்பட்டது. 1800ஆம் ஆண்டை ஒட்டி முதல் வடிவம் பெற்ற இந்நூல் பின்னரும் ஆசிரியர் கையில் வளர்ந்தது என்பர். குறத்தி மலையும் ஆறும் நாடும் கூறும் இடங்களில் பொதிகையோடும் பொருநையோடும் நில்லாமல் உலகக் கண்டங்கள் வரை செல்கிறாள். சூரியன் நடுவே நிற்க நாம் வாழும் நிலவுருண்டை உள்ளிட்ட கோள்கள் அதனைச் சுற்றுகின்றன என்னும் கொப்பர்னிக்கசின் கொள்கையும் நூலுள் இடம் பெறுகிறது. தமிழ்ச் செய்யுளில் இக்கொள்கை இடம் பெற்ற தொடக்ககால நூல்களுள் இஃது ஒன்று என்று கூறுதல் மிகையாகாது.

இதனை அக்காலச் சூழலில் வைத்து நோக்க வேண்டும். பாளையங்கோட்டையில் தொண்டாற்றிய இரேனியுசு ஐயர் பூமிசாஸ்திரம் என்னும் நிலநூலைத் தமிழ் உரைநடையில் வெளியிட்டது 1832இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே உலக நிலநூல் தமிழில் பாட்டாகப் பாடப்பட்டுவிட்டது. அதனினும் வியப்பாவது மற்றொன்று. தஞ்சை மன்னர் சரபோசியின் பெயரால் வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராத்தி நூல் உலக நிலநூலையே பொருளாகக் கொண்டது. தஞ்சைச் சரசுவதி மகால் அதனை அச்சிட்டுள்ளது. அரசரும் ஆசிரியரும், ஒருவர் மராத்தியிலும் ஒருவர் தமிழிலும், குறத்தியின் வாயிலேயே உலகப்படத்தை வைத்தனர். யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்று வழக்காடுவதிற் பெரும்பயன் இல்லை. இருவரும் ஒரே ஆசானின் கல்வியைப் பெற்றவர். இருவர் கண்முன்னும் ஒரே நாட்டிய மரபு இருந்தது. புதிய அறிவைச் சொல்லுதற்குப் பழைய வடிவங்களுள் எது இடந்தரும் என ஆராய்ந்தால், ஊர் சுற்றும் குறத்தியே அதற்குத் தக்கவள் என்பது இருவர்க்கும் புலனாகியிருத்தல் இயல்பு. இதே மன்னரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. ஒரு நகரில் ஒரு காலத்தில் மூன்று குறவஞ்சிகள் மூன்று நோக்கோடு தோன்றின. அரசனைப் புகழ ஒன்று, உலகைக் கற்பிக்க ஒன்று, சபையை வளர்க்க ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்வோர் ஒரு முனைவர்பட்ட ஆய்விற்குப் போதிய பொருளைக் காண்பர்.

இதுகாறும் கூறியவை நூலின் பெருமை. குறையும் கூறவேண்டும்.

உருவகம் ஓரளவிற்கு மேல் நீளும்போது ஒன்று கதை சாகும், அன்றிக் கருத்துச் சாகும். பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினியின் காதற்பகுதி அத்தகையது. திருச்சபையை மணமகளாகவும் கிறித்துவை மணவாளனாகவும் காணும் மரபு விவிலியத்திலேயே உள்ளது. சாலமோனின் உன்னதப்பாட்டை அவ்வாறு பொருள்கொள்ளுதல் கிறித்தவ உரைகாரர் வழக்கு. தமிழிலோ நாயன்மாரும் ஆழ்வாரும் தம்மைத் தலைவியாக வைத்துப் பாடிய பெருமரபு உண்டு. இரண்டும் இயல்பாகக் கலக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயினும் கலக்கவில்லை. காரணம் வெளிப்படை. ஆழ்வார்க்குக் காதல் தம் அனுபவம். சாஸ்திரியார்க்கு அது போதனைப் பொருள். நிலவைப் பழித்தல், தென்றலைப் பழித்தல் முதலிய பழைய துறைகளைக் கையாளும்போது, கேட்போர் தவறாகப் பொருள்கொள்வரோ என்னும் அச்சம் ஆசிரியரைப் பின்னின்று இழுக்கிறது. காமக்குறிப்புத் தோன்றாவண்ணம் காத்துக்கொள்ளும் கவனத்தில் காதலும் கைநழுவிப் போகிறது.

புள் பிடிக்கும் பகுதியின் இடர்ப்பாடு வேறு வகையானது. மனிதரைப் பிடிக்கும் மீனவராக்குவேன் என்று கிறித்து தம் சீடர்க்குக் கூறிய செய்தி நற்செய்தி நூல்களில் உள்ளது. மீன்வலை ஈண்டுப் புள்வலையாயிற்று. ஆனால் குறவஞ்சிச் சிங்கன் பறவையைப் பிடிப்பது உண்பதற்கு. பிடிபட்ட பறவைக்கு அதனால் நன்மை ஏதுமில்லை! உபதேசியார் வலை விரித்து ஆன்மாக்களைப் பிடிக்கிறார் என்று சொல்லும்போது, சமயம் மாற்றுதலைப் பற்றிப் பிற சமயத்தார் கூறும் பழியையே நூல் தன் வாயால் உரைப்பது போலாகிறது. இதனைச் சாஸ்திரியார் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அன்றியும், குற்றாலத்துச் சிங்கன் சிங்கியின் நினைவால் மயங்கிப் பறவைகளைத் தப்பவிடுவதில் ஒரு நகைச்சுவை உண்டு. ஞானச்சிங்கன் அவ்வாறு மயங்க முடியுமா? மயங்கினால் உருவகம் கெடும். மயங்காவிடின் சுவை கெடும். குறவஞ்சியின் பிற்பகுதியில் வழக்கமாய் அரங்கைக் குலுக்கும் உரையாடல் இங்கே வினாவிடைப் பாடமாக இறுகிப்போவது இதனாற்றான்.

ஆனால் குறத்தி நடக்கத் தொடங்கும் இடங்களில் இக்குறைகள் நமக்கு மறந்துபோகின்றன. விசுவாசம் என்னும் பெயர் அவளுக்குச் சுமையாகவில்லை. நாடு நாடாகச் செல்லுதல் குறத்திக்கும் இயல்பு, நற்செய்திக்கும் இயல்பு. ஈண்டு மட்டும் உருவகமும் உருவகிக்கப்பட்டதும் ஒரே வழியில் நடக்கின்றன. மேலும் இப்பகுதிகளில் ஆசிரியரின் சொந்த வாழ்வு குரல் கொடுக்கிறது. தஞ்சையில் நிலைத்திருந்தும் அவர் தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, சென்னை எனச் சபைகள் இருந்த ஊர்களுக்குச் சென்று பாடினார். ‘சுவிசேடக் கவிராயர்’ என்னும் பட்டம் பெற்றார். தம் நூல்களைப் படிக்கும் நூலாக அன்றிப் பாடும் நூலாகவே அவர் கருதினார் என்பதற்கு அவற்றின் யாப்பே சான்று. ஞானத்தச்ச நாடகத்தில் நோவாவின் கப்பலைப் பற்றி வரும் பகுதியைப் படிப்போர்க்கு விலங்கு, பறவை முதலியவற்றின் பட்டியல் அயர்ச்சி தரலாம். பாடகர் முதலடி பாட உடனிருப்போர் பின்னடி பற்றிப் பாடும் அரங்கில் அதே பட்டியல் விரைவும் விளையாட்டும் உடையதாகும். அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கப் பாட்டிற்குத் தீர்ப்பு வழங்குதல் நம் திறனாய்வாளரின் பழங்குறை. நாட்டுப்பாடல் ஆராய்ச்சியிலும் இதனையே காண்கிறோம்.

சாஸ்திரியாரின் இசைப்பணியை அளவிடுவதற்கு அவர்க்கு முன்னிருந்த சபையிசையை அறிதல் வேண்டும். சீகன்பால்கு ஐயர் காலந்தொட்டுத் தரங்கம்பாடியில் வழங்கிய ஞானப்பாட்டுகள் செருமானியப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. அவை செருமானிய மெட்டிலேயே பாடப்பட்டன. பப்ரிசியுசு ஐயர் (1711–1791) தமிழில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அவர் மொழிபெயர்த்த பாட்டுகளில் உருக்கம் உண்டு. எனினும் மெட்டு அயன்மெட்டு. செருமானிய மெட்டில் ஓரசைக்கு ஒரு சுரம் என நிற்கும். நீண்ட சுரம் வரும் இடத்தில் தமிழ்ச்சொல்லின் குறில் அமைந்தால் அது நெடிலாகவே ஒலிக்கும். ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும், ‘படு’ என்பதற்கும் ‘பாடு’ என்பதற்கும் மாத்திரையே வேறுபாடாக உள்ள மொழியில் இதனால் நேரும் இடர் சிறிதன்று. அடியின் முதலில் எதுகையும் மோனையும் நாடும் தமிழ்ச்செவிக்கு அடியிறுதியில் வரும் அயல்நாட்டு இயைபு மட்டும் நிறைவு தருவதில்லை. சாஸ்திரியார் இதனை மாற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பைச் சபைக்குள் கொணர்ந்தார். சீகாழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகத்தால் சோழநாட்டு மக்கள் பழகியிருந்த அமைப்பு அது. இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. சரணத்தைப் பாடகர் பாட, எழுத்தறியாதோரும் பல்லவியைப் பற்றிக்கொண்டு உடன்பாட இயலும். சபையார் கேட்போராக மட்டும் நில்லாது பாடுவோராயினர். தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் வாழ்ந்த காலத்தில், அதே சோழநாட்டில், இன்னொரு சமயத்தார்க்கு இசைவடிவம் அமைத்துக் கொடுத்த இவர்தம் பெயர் இசை வரலாறுகளில் ஒரு வரிக்கு மேற் பெறாதது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி, சாஸ்திரியாரைப் போற்றுவோர் பேசாமல் விடுவதும் தூற்றுவோர் அதையே பேசுவதுமான செய்திக்கு வருகிறோம்.

சுவார்ட்சு காலத்துத் தொண்டர் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்படாது பொறுத்துக்கொண்டனர். தஞ்சைக் கோவிலில் வேளாளக் கிறித்தவரும் தாழ்த்தப்பட்டோராகிய கிறித்தவரும் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தனர். திருவிருந்துப் பாத்திரம் முன்னவர்க்குப் பின்னரே பின்னவர்க்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் வந்த இளைய தொண்டர் இதனை ஏற்கவில்லை. பூசல் முற்றி 1829இல் வெடித்தது. சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் புதிய தொண்டரின் செயல்களைக் கண்டித்து எழுதிய முறையீட்டில் குறைகள் நான்கு கூறப்பட்டன. பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை இரேனியுசு போன்றோர் திருத்தி மாற்றியது ஒன்று; சாதிகளை ஒன்றாக்க முயன்றது ஒன்று; மணவிழா முதலியவற்றில் மலரும் பிற வழக்கங்களும் கூடாதென்றது ஒன்று; சபையில் தமிழ்ப்பாட்டையும் இசையையும் விலக்கியது ஒன்று. இப்பூசலில் சாஸ்திரியார் சபைப்பணியை இழந்தார். சரபோசி மன்னர் அவரைத் தம் அவைப்புலவராக்கி ஊதியம் அளித்தார். மூன்றாண்டு கழிந்து 1832இல் மன்னரும் மறைந்தார். கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையை உடனே முற்றாக விட்டொழிக்க வேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தார். 1835இல் தஞ்சைக்கே நேரில் வந்தார். வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு நீங்கினர்.

இம்முறையீட்டை யாம் எவ்வாறு படித்தல் வேண்டும்? அந்நியர் ஆதிக்கத்திற்கு எதிராகத் தமிழ்ப் பண்பாட்டைக் காக்க எழுந்த குரல் என்பர் ஒரு சாரார். மேற்சாதியார் தம் உரிமையைக் காக்க எழுப்பிய குரல் என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கூற்றை மறுக்க இயலாது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். ஒரே பாத்திரத்தில் ஒரே வரிசையில் நின்று பருகுதலைக் கொடுமை என்று எழுதியவர் தாம் அத்தகைய கொடுமையை நாள்தோறும் பிறர்க்கு இழைத்தலை எண்ணவில்லை. அவர் காலத்து வழக்கம் அது என்று அமைதி கூறுவதும் பொருந்தாது. ஏனெனில் அவர் காலத்திலேயே அவ்வழக்கத்தை எதிர்த்தோர் அவர்முன் நின்றனர். தாழ்த்தப்பட்டோராகிய கிறித்தவர் அதே கோவிலின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தனர். அவர்தம் முறையீடு ஏட்டில் எழுதப்படவில்லை என்பதனால் அது இல்லாததாகிவிடாது. அதே வேளையில், இசை பற்றிய குறையை மற்ற மூன்றோடு சேர்த்து எறிந்துவிடுதலும் தவறு. இசை பற்றிய வழக்கில் சாஸ்திரியார் பக்கமே உண்மை இருந்தது. புதிய தொண்டர் சாதியையும் தமிழ்ப்பாட்டையும் ஒரே கட்டாகக் கட்டி ‘பழைய வழக்கம்’ என்று பெயரிட்டனர். சாஸ்திரியாரும் அவ்வாறே கட்டினார். கட்டியவர் இருவர் செய்த பிழையால், தமிழிசையை விரும்புதல் சாதியை விரும்புதலே என்னும் ஐயம் சபைக்குள் வேரூன்ற இடமாயிற்று. இக்கட்டை அவிழ்த்துப் பார்ப்பதே திறனாய்வாளர் கடமை.

நூலையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம். பெத்லகேம் குறவஞ்சியில் திருச்சபையாகிய தேவமோகினி உயர்குலத் தலைவி. அவளுக்கு வாழ்வு சொல்ல வருபவள் குறத்தி. கூடை ஏந்தி, குழந்தையைச் சுமந்து, தெருவில் நடந்து, சாதி வரிசையில் எங்கும் இடம் பெறாத பெண். தலைவி தன் கையை அக்குறத்தியின் கையில் வைத்தாலன்றிக் குறி இல்லை. தொடாமல் கைபார்த்தல் எங்ஙனம்? வடிவம் தந்த இந்த நிகழ்ச்சியைச் சாஸ்திரியார் மாற்றவில்லை. மாறாக, அக்குறத்திக்கு விசுவாசம் என்னும் மிக உயர்ந்த பெயரைக் கொடுத்தார். 1800ஐ ஒட்டி இவ்வாறு பாடியவரே 1829இல் அந்த முறையீட்டை எழுதினார். வடிவத்தின் வழக்கம் கொண்டுவந்த பொருளை ஆசிரியர் தம் கொள்கையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று இதற்கு விடை கூறலாம். குற்றாலத்திலும் வசந்தவல்லி குறத்தியிடம் கைகாட்டுகிறாள். அதனால் திரிகூடராசப்பர் சாதியை எதிர்த்தார் என்று எவரும் கூறார். இவ்விடை வலிமையுடையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குற்றாலக் குறத்தி குறத்தியாகவே நிற்கிறாள். பெத்லகேம் குறத்திக்கு ஆசிரியர் தாமே பொருள் எழுதிக் கொடுத்துள்ளார். உருவகம் செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். குறத்தியின் கை திருச்சபையின் கையைத் தொட்டது என்று பாடிய புலவரை அவர்தம் முறையீட்டிற்கு எதிர்ச்சாட்சியாகவே அழைக்கலாம்.

ஈண்டு ஒப்புநோக்கற்பாலது கோபாலகிருட்டின பாரதியாரின் நந்தனார் சரித்திரம். அதே சோழநாடு, அதே கீர்த்தனை வடிவம், 1861இல் காரைக்காலில் அச்சேறியது. கோவிலுக்குள் நுழைய முடியாது வெளியே நின்றவரின் ஏக்கத்தை அந்நூல் பல்லவியும் சரணமுமாய்ப் பாடியது. நந்தனைத் தீயில் புகுத்தித் தூய்மை செய்த முடிவை இன்றைய அறிஞர் பலர் கண்டிப்பது தக்கதே. எனினும் வெளியே நின்றவனுக்கு இசையில் ஒரு குரல் கிடைத்தது. சாஸ்திரியார் அப்போது எண்பத்தேழு அகவை நிரம்பும் முதியவர். கீர்த்தனையில் உலகின் ஆறுகளையெல்லாம் அடக்கத் தெரிந்த அவர்க்கு, தம் கோவிலின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவர்க்கு ஒரு சரணம் அமைக்கத் தோன்றவில்லை.

இசை பற்றிய வழக்கோ வேறு முடிவு பெற்றது. மதுரை அமெரிக்கத் தொண்டர் சங்கத்தைச் சேர்ந்த வெப்பு ஐயர் 1853இல் கிறித்தவக் கீர்த்தனைத் தொகுதி ஒன்றை அச்சிட்டார். அத்தொகுதியின் முதுகெலும்பு சாஸ்திரியாரின் பாடல்களே. எந்த இசையைச் சபையிலிருந்து விலக்கினரோ அந்த இசை கால்நூற்றாண்டு கழியுமுன் சபையின் அச்சுநூலாயிற்று. சாஸ்திரியார் அதனைக் கண்டபின் பதினோராண்டு வாழ்ந்து 1864ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் மறைந்தார். அவர் வழிவந்தோர் பாடலும் கதாகாலட்சேபமுமாய் அப்பணியைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர். இன்று தமிழ்க் கிறித்தவர் பாடும் கீர்த்தனைகளில் அவருடையவை எவை என்பதைப் பாடுவோரிற் பலர் அறியார். ஆசிரியர் பெயர் மறைந்து பாட்டு நிற்பதை ஒரு பெருமையாகவே கொள்ளலாம்.

ஆயினும் தொகுதிகள் ஒரு தீங்கும் செய்தன. நாடகத்திலும் குறவஞ்சியிலும் இடம்பெற்ற பாடல்களைத் தனியே பிரித்தெடுத்து, வழிபாட்டிற்கு ஏற்றவாறு தலைப்பிட்டு அடுக்கின. யார் யாரிடம் எச்சூழலிற் பாடியது என்பது மறைந்தது. தொழுகைக்குப் பயன்படாத நிலநூற் கண்ணிகளும் வானநூற் பகுதிகளும் கைவிடப்பட்டன. அவற்றைப் பாடக் கேட்டவர் இல்லையாயினபின் அவை சுவையற்றன என்னும் தீர்ப்பு எளிதாயிற்று. சாஸ்திரியாரின் கையெழுத்துப் படிகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சிக்கு இராகமும் தாளமும் குறித்த, பாடவேறுபாடு காட்டிய ஒரு செம்பதிப்பு வெளிவர வேண்டும். இதனைத் தமிழ்த்துறை மட்டும் செய்ய இயலாது. இசைத்துறையினரும் உடனிருத்தல் வேண்டும்.

அப்பதிப்பில் முதற்கண் செய்யத்தக்கது, குறத்தி கூறும் நாட்டுப் பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் ஓர் அகராதி. 1800ஐ ஒட்டிய காலத்தில் ஐரோப்பிய இடப்பெயர்கள் தமிழில் எவ்வடிவம் பெற்றன, அவ்வடிவம் செருமானியர் வாயொலியிலிருந்து வந்ததா, கடற்கரையில் முன்னரே வழங்கிய போர்த்துக்கீசிய வழக்கிலிருந்து வந்ததா, கும்பினியாரின் ஆங்கிலத்திலிருந்து வந்ததா என்பதை இப்பட்டியல்கள் கொண்டு அறியலாம். யாப்பு நோக்கி ஆசிரியர் எப்பெயரைச் சுருக்கினார், எதுகை நோக்கி எப்பெயரை எப்பெயரின் அருகில் வைத்தார் என்பதும் புலப்படும். அரண்மனை நூலகத்து உலகப்படங்களில் காணும் பெயர்களோடும் தேவேந்திரக் குறவஞ்சியின் மராத்தி வடிவங்களோடும் அவற்றை ஒப்பிட்டால், தஞ்சையில் அரசரும் ஆசிரியரும் ஒரே படத்தை விரித்துவைத்துப் பாடினரா என்னும் வினாவிற்கும் விடை கிடைக்கக்கூடும்.